பால் கொள்முதல் விலை இறங்கினாலும் பாக்கெட் விலை ஏன் இறங்குவதில்லை?

கறவைவீடு:
எங்கள் வீட்டுக்குக் கறவை மாடுகள்தான் சோறு போடுகின்றன. போன மாதம் கொள்முதல் விலையைத் திடீரென்று குறைத்துவிட்டார்கள். கேட்டால், "உலகச் சந்தையில் பால் பவுடர் விலை விழுந்துவிட்டது" என்ற ஒரே பதில்தான். அப்படியானால் பாக்கெட் விலையும் குறைந்திருக்க வேண்டுமே? அசையவே இல்லை. முன்பு கொள்முதல் விலை ஏறியபோது மட்டும் பாக்கெட் விலை உடனே ஏறியது. நடுவில் யாரோ சுருட்டுகிறார்கள் என்கிறார் அப்பா. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காஸ்டிங்காரன்:
பால் பதப்படுத்தும் ஆலையில் செலவுக் கணக்குப் பார்ப்பதுதான் என் வேலை. உங்கள் அப்பா சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் நியாயம் கேட்க முடியும்.

முதலில் சதவீதத்தை மறந்துவிட்டுப் பணத்தைப் பாருங்கள். கணக்குக்காக, கடையில் விற்கும் பாக்கெட்டின் விலை 100 என்றும் அதில் பச்சைப் பாலின் பங்கு 60 என்றும் வைத்துக்கொள்வோம். மீதி 40இல் குளிரூட்டல், வண்டி வாடகை, பாக்கெட் பிலிம், மின்சாரம், கூலி, முகவர் கமிஷன் எல்லாம் அடங்கும். கொள்முதல் விலை 10 சதவீதம் விழுந்தால் குறைவது 6. அந்த ஆறையும் அப்படியே வாங்குபவருக்குக் கொடுத்தாலும் பாக்கெட் விலை 6 சதவீதம்தான் இறங்கும். "அங்கே பத்து, இங்கே ஆறு, நாலு எங்கே போச்சு?" என்று கேட்டால் அந்தக் கேள்வி நிற்காது. "ஆறில் எத்தனை வந்தது, எத்தனை நாள் கழித்து வந்தது?" என்று கேளுங்கள். பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த நாள் கணக்கில்தான் அநியாயம் ஒளிந்திருக்கிறது. 1987இல் கின்னுகன், ஃபோர்க்கர் என்ற இருவர் அமெரிக்கப் பால் பொருட்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பண்ணை விலை ஏறும்போது கடை விலை வேகமாகவும் கூடுதலாகவும் ஏறுகிறது, இறங்கும்போது அப்படி இறங்குவதில்லை என்பது அதன் முடிவு. ஆக, உங்கள் அப்பாவின் சந்தேகம் இன்று முளைத்ததில்லை.

இன்னொன்று, பாலுக்கு ஒற்றை விலை கிடையாது. என் தாளில் கொழுப்புக்கு ஒரு பத்தி, எஸ்.என்.எஃப்-க்கு (கொழுப்பு போகப் பாலில் இருக்கும் மற்ற திடப்பொருட்கள்) ஒரு பத்தி. பாலைக் கடைந்து கொழுப்பைப் பிரித்தால் அது வெண்ணெய்ச் சந்தைக்குப் போகிறது. மிச்சம் பவுடர் சந்தைக்கு. இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும் என்பதில்லை. 2017இல் ஐரோப்பாவில் வெண்ணெய் விலை வரலாறு காணாத உச்சத்துக்குப் போனது. அதே ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியம் வாங்கிக் குவித்த கொழுப்பு நீக்கிய பவுடர் 3.5 லட்சம் டன்னுக்கு மேல் கிடங்குகளில் விலைபோகாமல் கிடந்தது. பவுடர் விழுந்தது என்று உங்களிடம் சொன்னவர்களிடம், வெண்ணெய் என்ன விலைக்குப் போகிறது என்றும் கேளுங்கள்.

பண்ணைக்காரி:
காஸ்டிங்காரன் அண்ணா சொன்னது சரிதான். ஆனால் எல்லாம் ஆலைக்குள்ளேயே முடிந்துவிடுவதில்லை. கறந்த பால் நாளை வரை காத்திருக்காது. மடியில் இருப்பதைக் கறக்காமல் விடவும் முடியாது, மடிநோய் வந்துவிடும். ஆலைக்காரர் பவுடராக்கிக் கிடங்கில் வைத்து நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். எங்களுக்கு அந்த வழி இல்லை, சொன்ன விலைக்கு ஊற்றிவிட்டு வருகிறோம்.

விலை நன்றாக இருக்கும்போது மாட்டைப் பெருக்கலாம் என்று நினைத்தால், சினை ஒன்பது மாதம். பிறந்த கிடாரி வளர்ந்து கன்று போட்டுக் கறவைக்கு வர இரண்டு ஆண்டுக்கு மேல். அது வருவதற்குள் சந்தை எங்கேயோ போயிருக்கும். நியூசிலாந்தில் ஃபொன்டெரா கூட்டுறவு 2013-14 பருவத்தில் ஒரு கிலோ பால் திடப்பொருளுக்கு (கொழுப்பும் புரதமும் சேர்த்து) 8.40 நியூசிலாந்து டாலர் கொடுத்தது. அடுத்த பருவம் 4.40, அதற்கும் அடுத்தது 3.90. சீனா கொள்முதலைக் குறைத்தது, 2014 ஆகஸ்டில் ரஷ்யா மேற்கத்திய நாடுகளின் பாலாடைக்கட்டிக்குக் கதவை மூடியது, 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் பால் உற்பத்திக்கு வைத்திருந்த உச்சவரம்பான கோட்டாவை எடுத்தது. இத்தனை அடியும் மாடு வைத்திருப்பவர் தலையில் இறங்கியது. அவர்கள் செய்த தவறு என்ன? பெரிய கூட்டுறவின் உறுப்பினர்களுக்கே இந்தக் கதி.

அலமாரி:
சில்லறை விற்பனைப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. பால் விலை எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் ஏற்றத்தின்போது சில சமயம் நாங்களே மார்ஜினைக் குறைத்துத் தாங்குகிறோம். இறங்கும்போது முதலில் அதை ஈடுகட்டப் பார்க்கிறோம். முதிரவைத்த பாலாடைக்கட்டி என்றால் இன்னும் தாமதம். இன்று அலமாரியில் இருப்பது பல மாதங்களுக்கு முந்தைய விலையில் வாங்கிய பால்.

பண்ணைக்காரி:
ஈடுகட்டுவதற்கு ஓர் எல்லை வேண்டாமா அலமாரி அண்ணா? உங்கள் மார்ஜின் பழைய நிலைக்கு வந்த பிறகும் விலை இறங்காவிட்டால், அது எங்கள் பணம்.

கறவைவீடு:
எல்லோருக்கும் நன்றி. இப்போது நான் என்ன செய்வது? சங்கக் கூட்டத்தில் எதைக் கேட்பது?

காஸ்டிங்காரன்:
ஒரு நோட்டுப் போடுங்கள். கொள்முதல் விலை மாறிய தேதி, பாக்கெட் விலை மாறிய தேதி, இரண்டிலும் எத்தனை பணம் மாறியது என்று எழுதுங்கள். ஏற்றத்தைத் தனியாக, இறக்கத்தைத் தனியாக எழுதுங்கள். பால் ஊற்றும்போது தரும் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். கொழுப்பு, எஸ்.என்.எஃப் அளவு இல்லாமல் விலையை மட்டும் ஒப்பிட்டால், "உங்கள் பால் தரம் குறைவு" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள்.

கூட்டத்தில் விலையை ஏற்றச் சொல்லிக் கேட்பதற்கு முன், விலை போடும் சூத்திரத்தை எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவில் கூட்டாட்சிப் பால் சந்தை ஆணைகள் என்று ஓர் ஏற்பாடு உண்டு. வெண்ணெய், பாலாடைக்கட்டி, பவுடர், மோர்நீர்ப் பவுடர் (பாலாடைக்கட்டி செய்யும்போது வடியும் நீரிலிருந்து எடுப்பது) ஆகியவற்றின் மொத்த விலையைத் திரட்டி, சூத்திரத்தில் போட்டு, மாதா மாதம் குறைந்தபட்ச விலையை வேளாண்மைத் துறை அறிவிக்கிறது. அங்கேயும் சண்டை இல்லாமல் இல்லை, ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சண்டை போடலாம். உங்கள் ஆலையும் எந்தச் சந்தை விலையை, எத்தனை நாள் சராசரியாக எடுக்கிறது, ஏறும்போதும் இறங்கும்போதும் விலையை மாற்ற ஒரே கால அளவுதானா என்று எழுதித் தரட்டும். நோட்டில் ஒரு சுற்று ஏற்றமும் இறக்கமும் சேர்ந்ததும் இங்கே போடுங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.