நைட் கார்டு போட்டும் பல் கடிப்பது நிற்கவில்லை: கார்டில்தான் கோளாறா?

மணிப்புறா (கேள்வி):
கணவருக்கு வயது 38. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறார். காலையில் இரண்டு நெற்றிப்பொட்டும் வலிக்கும், மத்தியானத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். கீழ் முன்பற்களின் விளிம்பு தட்டையாகி, நடுவில் மஞ்சள் கோடு தெரிகிறது. வெந்நீரில் போட்டுக் கடித்து அச்சு எடுக்கும் மெத்தென்ற நைட் கார்டு (இரவில் பல்லின் மேல் மாட்டும் உறை) நான்கு மாதமாகப் போடுகிறார். சத்தம் குறைந்திருக்கிறது, ஆனால் வலது கடைவாய்ப் பக்கம் கார்டிலேயே ஓட்டை. குறட்டை உண்டு. ஏழு மாதமாக செர்ட்ராலின் (மனச்சோர்வு மருந்து) சாப்பிடுகிறார். அடுத்து என்ன செய்ய வேண்டும்? கெட்டியான கார்டு மாற்றினால் நிற்குமா?

வெண்பல்:
எந்த கார்டும் கடிப்பதை நிறுத்தாதுங்க. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் தேயக்கூடிய ஒரு பொருளை வைக்கிறோம், அவ்வளவுதான். கார்டு தேய்ந்தால் பல் தப்பிக்கிறது. அந்த ஓட்டை கார்டு தன் வேலையைச் செய்ததற்கு அடையாளம். அவர் இப்போதும் கடிக்கிறார் என்பதற்கும் அதுவே சாட்சி. பல்லின் தேய்மானத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது, அது பத்து வருடத்துக்கு முந்தைய கதையாகக்கூட இருக்கலாம்.

நடப்பது இதுதான். ஆழமில்லாத தூக்கத்தில் மூளை 3 முதல் 15 விநாடி வரை லேசாக விழித்து மறுபடி அடங்குகிறது. தூங்குபவருக்கு இது தெரியாது. இதயத்துடிப்பு கூடுகிறது, வாயைத் திறக்கும் தசை அசைகிறது, அதன் பிறகுதான் கன்னத்திலுள்ள மாசெட்டர் தசை ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை என்ற தாளத்தில் சுருங்குகிறது. அதாவது கடிப்பது கடைசிக் கண்ணி. பல்வரிசை இதைத் தொடங்கிவைப்பதில்லை. "கடி சரியில்லை, நாலு பல்லை ராவிவிட்டால் நின்றுவிடும்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ராவிய எனாமல் (பல்லின் கெட்டியான மேலடுக்கு) திரும்ப வளராது.

மஞ்சள் கோடு டென்டின், எனாமலுக்கு அடியில் இருக்கும் அடுக்கு. எனாமலைவிட மிருது, வெளியே தெரிந்துவிட்டால் வேகமாகத் தேயும். ஆனால் அது உரசலால் வந்ததா, அமிலத்தால் வந்ததா என்று பார்த்துவிடுங்கள். நல்ல வெளிச்சத்தில் கீழ்த்தாடையை மெல்ல முன்னும் பக்கவாட்டிலும் நகர்த்தச் சொல்லுங்கள். ஏதோ ஓர் இடத்தில் கீழ்ப்பல்லின் தட்டை முகமும் மேல்பல்லின் தட்டை முகமும் சாவியும் பூட்டும் போலப் பொருந்தி, இரண்டும் பளபளவென்று இருந்தால் உரசல். மங்கலாக, சின்னக் கிண்ணம் மாதிரி குழிந்து, எதிர்ப்பல் எட்டாத இடத்திலும் கரைந்திருந்தால் அமிலம். இரவில் இரைப்பை அமிலம் மேலேறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் சகஜம்.

இரவுக்காவல்:
கேள்வியின் கடைசிப் பக்கம் சொன்ன இரண்டில்தான் விஷயம் இருக்கிறது: குறட்டை, செர்ட்ராலின்.

குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதா? பகலில் தூக்கம் சொக்குகிறதா? இரத்த அழுத்தம் கூடுதலா? இதில் ஒன்று இருந்தாலும் புது கார்டுக்கு அளவு கொடுக்கும் முன் தூக்கப் பரிசோதனை செய்துவிடுங்கள். காரணம், ஸ்லீப் அப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்) உள்ள சிலருக்கு மேல்தாடை கார்டு மூச்சுத்தடையை இன்னும் மோசமாக்கும். அவர்களுக்கு வேண்டியது வேறு: கீழ்த்தாடையைச் சற்று முன்னே இழுத்துப் பிடிக்கும் சாதனம், அல்லது காற்றழுத்தத்தால் மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சீபேப் கருவி. மூச்சு சீரானதும் கடிப்பதும் குறைகிறவர்கள் உண்டு. எல்லோருக்கும் குறையாது.

செர்ட்ராலின், ஃப்ளூஆக்ஸெடின், பராக்ஸெடின், வென்லஃபாக்ஸின் எல்லாமே பல் கடிப்பைக் கிளப்பக்கூடியவை. பெரும்பாலும் ஆரம்பித்த, அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களில் தெரியும். மருந்து தொடங்கிய தேதி, அளவு கூட்டிய தேதி, சத்தமும் பொட்டுவலியும் முதலில் கவனித்த தேதி, மூன்றையும் ஒரு தாளில் எழுதி மருந்து கொடுத்த மருத்துவரிடமே காட்டுங்கள். அளவைக் குறைப்பதா, மாற்றுவதா, பஸ்பிரோன் (பதற்றத்துக்கான மருந்து) போன்ற ஒன்றைச் சேர்ப்பதா என்பது அவர் முடிவு. நீங்களாக நிறுத்த வேண்டாம். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், தூக்கக் கெடுதி என்று வேறு தொல்லை வரும்.

இரவு மது, புகை, சாயங்காலத்துக்கு மேல் காஃபின், இவை மூன்றும் அந்தக் குட்டி விழிப்புகளைப் பெருக்கும். காஃபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம்போல ஆகும்.

அச்சுவார்ப்பு:
கார்டு செய்யற லேப் பக்கத்திலிருந்து சொல்றேன். மெத்துன்னு இருக்கிற கார்டு பலமா கடிக்கிறவங்களுக்குச் சரிப்படாது. சீக்கிரம் கிழியும், அது ஒண்ணு. அதோட, வாயில ரப்பர் இருந்தா மெல்லத் தோணுமே, அதே மாதிரி சிலருக்குத் தசை இன்னும் அதிகமா வேலை செய்ய ஆரம்பிச்சுடும்.

கெட்டி அக்ரிலிக் (ஒரு வகை கெட்டிப் பிளாஸ்டிக்) கார்டுன்னு சொன்னா மட்டும் போதாது. அந்த வரிசையில இருக்கிற எல்லாப் பல்லையும் மூடணும். கடைவாய்ப் பக்கம் 2 மி.மீ. கனமாவது வேணும். அதுக்குக் கீழே போனா விரிசல் விடும், ரொம்ப கனமானா உதடு மூடாம வாய் உலரும். முன்பல்லுக்கு மட்டும் மாட்டுற குட்டி கார்டை மாசக்கணக்கா போடாதீங்க. மூடாத கடைவாய்ப் பற்கள் மெல்ல எழும்பி, கடைசியில முன்பல் ஒண்ணோட ஒண்ணு சேராமப் போயிடும். தூக்கத்துல விழுங்கிடுற ஆபத்தும் இருக்கு.

மாட்டிவிடுற அன்னைக்கு நாற்காலியில உட்கார்ந்தே இதைக் கவனிங்க. டாக்டர் கடிச்சா மை ஒட்டுற நீலத் தாளை வச்சு டக் டக்னு கடிக்கச் சொல்லுவார். ரெண்டு பக்கமும் கடைவாய்ப் பல் ஒவ்வொண்ணுக்கும் ஒரே அழுத்தத்துல ஒரு புள்ளி விழணும். அப்புறம் சிவப்புத் தாளை வச்சுப் பக்கவாட்டுல நகர்த்தணும்; கோடு கோரைப்பல் சரிவுல மட்டும் விழணும். கடைவாய்ப் பக்கம் சிவப்புக் கோடு இருந்தா அங்கே இன்னும் தேய்க்கணும். இந்த வேலைக்கு நேரம் பிடிக்கும். அஞ்சு நிமிஷத்துல "சரியாயிடுச்சு, போயிட்டு வாங்க"ன்னா எனக்கு நம்பிக்கை வராது. கடைசியா, கார்டோட ஒரு ஓரத்தை விரலால அழுத்துங்க. எதிர் ஓரம் தூக்கினா அடியில சரியா உட்காரலைன்னு அர்த்தம்.

முதல் சில நாள் ஒண்ணு ரெண்டு பல் இறுக்கமா இருக்கிறது சகஜம். காலையில கழட்டினதும் கடி மாறின மாதிரி தோணி, கொஞ்ச நேரத்துல சரியாயிடும். மதியம் வரைக்கும் அப்படியே இருந்தா போடுறதை நிறுத்திட்டுக் காட்டுங்க. ஒரு வாரம், ரெண்டு வாரத்துல மறுபடி சரிபார்க்கணும், அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருதரம். வெந்நீர் படக்கூடாது, வளைஞ்சிடும். பற்பசை போட்டுத் தேய்க்காதீங்க, கீறல் விழுந்து அதுல அழுக்கு தங்கும். மெத்துன்னு ஒரு பிரஷ், பச்சைத் தண்ணி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு போதும். பல நாள் போடாம வச்சிருந்து இறுக்கமா இருந்தா கடிச்சு உள்ளே தள்ளக்கூடாது, பல் நகர்ந்திருக்கும்.

மணிப்புறா:
மூவருக்கும் நன்றி. இரவு மூச்சு நிற்பது போல இரண்டு முறை கவனித்திருக்கிறேன், அதனால் பரிசோதனைதான் முதலில். தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போட்டால் கார்டே வேண்டாம் என்கிறார்களே? கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும்போதும் தாடை இறுகியிருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை.

வெண்பல்:
போடாக்ஸ் கடியின் பலத்தைக் குறைக்கும். இரவில் எத்தனை முறை கடிக்கிறார் என்ற கணக்கு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் அதன் வேலை முடிந்துவிடும். திரும்பத் திரும்பப் போட்டால் தசை மெலிவதோடு தாடை எலும்பும் இளைக்கலாம் என்ற கவலை இருக்கிறது. மற்றதெல்லாம் செய்தும் தசைவலி தீராதவர்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மருந்தாக நான் சொல்ல மாட்டேன்.

பகலில் இறுக்குவது தனி வழக்கம், அதைப் பழக்கத்தால் மாற்றலாம். சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது. 2 முதல் 4 மி.மீ. இடைவெளிதான் இயல்பு. உதடு சேர்ந்து, பல் விலகி, நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் லேசாகப் பட்டிருக்க வேண்டும். "ன" என்று சொல்லத் தொடங்கி அப்படியே நிறுத்தினால் அந்த இடம் பிடிபடும். திரையின் ஓரத்தில் ஒரு வண்ணப் புள்ளி ஒட்டி, கண்ணில் படும்போதெல்லாம் தாடையைப் பார்க்கச் சொல்லுங்கள். சூயிங் கம் வேண்டாம்.

தூங்கப் போகும் முன் வெதுவெதுப்பான ஈரத்துணி, கன்னத்திலும் பொட்டிலும் 15 நிமிடம். பிறகு பல்லை ஒருமுறை இறுக்கினால் கன்னத்தில் புடைக்கும் இடம் தெரியும். இறுக்கத்தை விட்டுவிட்டு அங்கே இரண்டு விரலால் மேலிருந்து கீழாக மெதுவாக நீவ வேண்டும். காலை வலி இதில் குறையும். கடிப்பது குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இரவுக்காவல்:
ஒன்று விட்டுப்போனது. வலது பக்கம்தான் ஓட்டை என்றீர்கள். அந்தப் பக்கத்தில் கடினமானதைக் கடித்து *விடும்போது* ஒரே ஒரு பல் சுரீர் என்கிறதா என்று கேளுங்கள். அப்படியென்றால் பல்லில் விரிசல் இருக்கலாம், எக்ஸ்ரேயில் பலசமயம் தெரியாது. அதற்கு மட்டும் தூக்கப் பரிசோதனை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாயில் அவருடைய மூன்று விரல் நெட்டுக்குத்தாக நுழையவில்லை, அல்லது திறந்த வாய் பூட்டிக்கொள்கிறது என்றாலும் காத்திருக்காதீர்கள்.