டர்பனில் பிறக்கப் போகும் பெண்ணுக்கு அரிய பெயர்: என்ன கவனிக்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. கணவருக்கு மூன்று ஆண்டு ஒப்பந்த வேலை. ஆவணியில் பிரசவம். இங்கே ஸ்கேன் பார்த்தவுடன் சொல்லிவிடுகிறார்கள், பெண் குழந்தை. ஊரில் மாமியார் நட்சத்திர எழுத்தில்தான் வைக்க வேண்டும் என்கிறார். கணவருக்குத் தூய தமிழ்ப் பெயர் வேண்டும். எனக்கோ வகுப்பில் இன்னொருத்திக்கு இருக்கவே கூடாத பெயராக அமைய வேண்டும். யாழினி, மகிழினி, வெண்ணிலா, காந்தள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். இங்கே குழந்தை பெற்றவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில்: பதினோரு ஆண்டாக டர்பனில் இருப்பவள்

தங்கை, உங்கள் பட்டியலின் முதல் பெயரைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். என் மூத்தவள் யாழினிதான். ழகரத்துக்கு இசட், எச் போட்டுப் பெருமையாகப் பதிவு செய்தோம். பள்ளியில் முதல் நாள் ஆசிரியை ‘யாஸ்ஹினி’ என்று கூப்பிட்டார். இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது தோழிகளுக்கு அவள் ‘யாஸ்’. வீட்டில் மட்டும்தான் யாழினி. வருத்தம்தான், ஆனால் தவறு என்னுடையது. ழ, ஞ, ங இருக்கும் பெயர் வேண்டுமென்றால், அது பாதி உருவில்தான் வெளியே புழங்கும் என்பதை ஏற்றுக்கொண்டு வையுங்கள். வெண்ணிலா அழகுதான், அதை இங்கே ஐஸ்கிரீம் என்றுதான் கேட்பார்கள்.

இந்த நாட்டில் பெயர் மூன்று நான்கு மொழிக்காரர்களின் வாயில் விழுந்து எழ வேண்டும். இங்கே பலர் பேசும் ஜூலு மொழியில் டி (T), எச் சேர்த்து எழுதினால் நம் தகரம் வராது. மூச்சோடு சேர்ந்த டகரம் வரும். தென்றல், ‘டென்ட்ரல்’ ஆகிவிடுவாள். நாளைக்கே பிரிட்டோரியாவுக்கு மாற்றலாகிப் போனால் ஆப்ரிகான்ஸ் மொழி வேறு. அதில் ‘வி’ எழுத்துக்கு ஃபகர ஒலி. வாணி என்று வைத்தால் ‘ஃபாணி’ என்பார்கள். அது அங்கே ஆண்பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர். மாலினியை ‘மாலி’ என்று சுருக்கினால் ஜூலுக்காரர் புன்னகைப்பார். ‘இமாலி’ என்றால் அவர்களுக்குப் பணம். இதில் கெடுதல் ஒன்றுமில்லை, மகாலட்சுமி என்று எடுத்துக்கொள்ளலாம்!

இன்னொன்று. ஜூலுக்காரர்கள் பெயரைக் கேட்டவுடன் பொருளைக் கேட்பார்கள். அவர்கள் பெயர்கள் அப்படி: மழை பெய்யும்போது பிறந்தவள் நோம்வுலா. நம்மவர் இப்போது ‘விகா’, ‘ஷிகா’ என்று முடியும் ஒலிகளைக் கோத்து யாரிடமும் இல்லாத பெயர் செய்கிறார்களே, அதற்குப் பொருள் கேட்டால் பெற்றவர்கள் முழிக்கிறார்கள். எண் கணிதத்துக்காக இரண்டு ‘ஏ’ சேர்ப்பவர்களைப் பற்றி நான் பேசவில்லை, பேசினால் சண்டை வரும்.

அரிய பெயர் வேண்டுமென்றால் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. யாரும் இப்போது எடுக்காததை எடுத்தால் போதும். சங்கப் புலவர்களில் பெண்கள் எத்தனை பேர்! அள்ளூர் நன்முல்லையார், வெள்ளிவீதியார், ஒக்கூர் மாசாத்தியார், ஆதிமந்தியார். விகுதியை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள்: நன்முல்லை, ஆதிமந்தி. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் ஒரே மூச்சில் தொண்ணூற்றொன்பது பூக்கள் வருகின்றன. அந்த இடத்தை மட்டும் ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள். எல்லாம் பெயராகாது, ஆனால் நான்கைந்து மனத்தில் நிற்கும்.

உங்கள் காந்தளும் அதில் உண்டு. செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். டர்பன் இருக்கும் இந்த குவாசுலு நட்டால் மாகாண மண்ணிலும் அது தானாக முளைத்துக் கொடி ஏறுகிறது, யாரும் கொண்டுவந்து நட்டதில்லை. இரண்டு ஊருக்கும் பொதுவான பூவை இங்கே பிறக்கும் பெண்ணுக்கு வைப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கிழங்கு விஷம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள், சொல்லட்டும்.

இந்த ஊரில் மறந்துபோன பெயர்களும் இருக்கின்றன. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாகிரகத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்த வள்ளியம்மையின் பெயரை இப்போது எந்தக் குழந்தைக்கு வைக்கிறார்கள்? பழைய பெயர் என்று ஒதுக்கிவிட்டோம். டர்பன் நகரத்தில் டாக்டர் கூனம் தெரு என்று படிப்பீர்கள். முன்பு பிரின்ஸ் எட்வர்ட் தெரு. அது ‘கூனம்’ அல்ல, குணம். எடின்பரோவில் மருத்துவம் படித்து வந்த டர்பன் பெண்மணி. ஆங்கிலத்தில் இரண்டு ‘ஓ’ போட்டதால் நம்மவரே கூனம் என்கிறோம்.

பதில்: ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து

அக்கா பெயரைச் சொல்லிவிட்டார், நான் தாள்களைச் சொல்கிறேன். பிறந்த முப்பது நாளுக்குள் உள்துறை அலுவலகத்தில் பதிய வேண்டும். மருத்துவமனை தரும் பிறப்பு அறிவிப்பு, இருவர் பாஸ்போர்ட், விசா, திருமணச் சான்றிதழ் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். இருவரும் தற்காலிக விசாவில் இருந்தால் குழந்தைக்குச் சான்றிதழ் கிடைக்கும், இந்நாட்டு அடையாள எண் இருக்காது.

நம்மவர் சிக்குவது குடும்பப் பெயரில். உங்கள் கணவரின் பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இங்கே குழந்தைக்குக் குடும்பப் பெயர் இல்லாமல் பதிய முடியாது. தந்தை பெயரையா, வேறெதையா என்று பிரசவத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். வரிசையில் நின்றுகொண்டு முடிவு செய்தால் அவசரத்தில் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவீர்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘டுருரோ’ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் முதல், பின்னால் வந்தவர்கள் வரை, குமாஸ்தா காதில் விழுந்ததுதான் எழுத்தானது. முனுசாமி, பெருமாள், கோவிந்தசாமி எல்லாம் யாரோ ஒரு தாத்தாவின் சொந்தப் பெயர். இன்று அவை கொள்ளுப்பேரர்களின் குடும்பப் பெயர். கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனதும் அப்படித்தான்.

பிறகு இந்தியத் துணைத் தூதரகம். இந்தியக் குடியுரிமைக்கு ஓராண்டுக்குள் அங்கே பதிய வேண்டும். அங்கும் இங்கும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது.

பதில்: பதினோரு ஆண்டாக டர்பனில் இருப்பவள்

மாமியார் விஷயத்தை விட்டுவிட்டேன். ஜோசியரிடம் நேரம் சொல்லும்போது டர்பன் நேரம் என்று சொல்லுங்கள். நாம் இந்தியாவுக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம். என் இளையவளுக்கு இங்கத்து நேரத்தை அப்படியே கொடுத்துவிட்டார்கள்; ரோகிணி என்று ‘வ’, ‘வி’யில் பெயர் தேடினோம். கணக்கைச் சரிசெய்தபோது மிருகசீரிடம். அதற்கு வே, வோ, கா, கி. காதணி விழா வரைக்கும் இந்தப் பேச்சு ஓயவில்லை.

கேள்வி கேட்டவர்

நன்றி அக்கா, அண்ணா. நேற்று ஒரு வேலை செய்தேன். மூன்று பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி, குடியிருப்புக் காவலாளி, மகப்பேறு செவிலி, கீழ்வீட்டுத் தமிழ்ப் பாட்டி மூவரிடமும் படிக்கச் சொன்னேன். காந்தளைச் செவிலி மெழுகுவர்த்தி ஆக்கிவிட்டார், ‘கேண்டில்’. ஆம்பலைப் பாட்டி அம்பாள் என்று படித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நன்முல்லையை மட்டும் மூவரும் ஏறக்குறைய சரியாகச் சொன்னார்கள். கணவருக்கு ஆம்பல்மேல்தான் ஆசை.

பதில்: பதினோரு ஆண்டாக டர்பனில் இருப்பவள்

காந்தளுக்கு முதலில் இரண்டு ‘ஏ’ போட்டு, ‘டி’க்குப் (D) பிறகு ‘எச்’ சேர்த்து அதே செவிலியிடம் காட்டுங்கள். மெழுகுவர்த்தி அணைந்துவிடும். (எண் கணிதத்துக்காக அல்ல!) ஆம்பலுக்கும் அதே இரண்டு ‘ஏ’ வேண்டும், ஒன்று குறைந்தால் அம்பல், அதாவது ஊர் வாயில் கிசுகிசு. சங்கப் பாட்டு படித்த உங்கள் கணவருக்கு அது தெரிந்திருக்கும். நட்சத்திரம் எப்படியும் பிறந்த பிறகுதான் தெரியும். மூன்றையும் கையில் வைத்திருங்கள். வீட்டுப் பெயருக்கு ‘அம்மு’ இருக்கவே இருக்கிறாள்.