தனியாளாகப் பாட 1000 வாட் வேண்டுமாம்!

ஓசூர்க் கிடார்: நேற்று இன்னொரு இழையில் ஒருவர், "கிடாரோடு தனியாளாகப் பாடினாலும் 1000 வாட் ஸ்பீக்கர் பெட்டி வேண்டும், அதற்குக் கீழே வாங்கினால் காசு கரிதான்" என்று அடித்து விட்டிருந்தார். அதை நம்பி ஒரு தம்பி இப்போது தூக்க முடியாத பெட்டியாகப் பார்த்து விலை விசாரிக்கிறான். வயிற்றெரிச்சலாக இருக்கிறது. ஜேபிஎல் ஈயான் ஒன் காம்பேக்ட் 8 கிலோ, உச்ச சத்தம் 112 டெசிபல் என்று கம்பெனியே போட்டிருக்கிறது. போஸ் எஸ்1 புரோ 7 கிலோ சுமார். இரண்டும் பேட்டரியில் ஓடும், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். ஒரு குரல், ஒரு கிடார், அறுபது பேர். எதற்கு 1000 வாட்?

மைக்செட் பாலக்கோடு: அந்த ஒருவர் நான்தான், பேரைச் சொல்லியே திட்டுங்கள். எங்கள் அப்பா குழாய் கட்டின காலத்திலிருந்து இந்தத் தொழில் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஓசூரில் ஏசி போட்ட காபிக்கடையில் நாலு ஐடி பிள்ளைகள் முன்னால் வாசிப்பது வேறு, ஆடிப்பெருக்கு அன்று ஒகேனக்கல்லில் நின்று வாசிப்பது வேறு. அருவிச் சத்தம், எண்ணெய் மசாஜ்காரர் கூப்பாடு, மீன் வறுக்கிற கடை, இதையெல்லாம் தாண்டி உங்கள் மடிப்பெட்டி கேட்குமா? 1000 வாட். அவ்வளவுதான்.

ஓசூர்க் கிடார்: 1000 வாட் என்றால் ஆர்எம்எஸ்ஸா (தொடர்ந்து தாங்குகிற சக்தி), பீக்கா (ஒரு கணம் மட்டும் எட்டுகிற உச்சம்)? அதைச் சொல்லுங்கள் முதலில். அட்டையில் பெரிசாக அச்சடிக்கிற எண் பெரும்பாலும் பீக். தொடர்ந்து தாங்குகிற சக்தி பெரும்பாலும் அதில் பாதியோ, அதற்கும் குறைவோதான். அப்புறம் கணக்கையும் கேளுங்கள். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 500 வாட் பெட்டிக்கும் 1000 வாட் பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்துக்கா இவ்வளவு சவடால்?

மைக்செட் பாலக்கோடு: கணக்கு வாத்தியார் வந்துவிட்டார். அதே கணக்கில் தூரத்தையும் போடுங்கள் சார். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் போச்சு. உங்கள் 112 டெசிபல் ஒரு மீட்டரில்தான். 2 மீட்டரில் 106, 4-ல் 100, 8-ல் 94, 16-ல் 88. அதுவும் பெட்டியை முழுசாக முறுக்கினால். அப்படி முறுக்கிப் பாடினால் குரல் எகிறுகிற இடத்தில் பெட்டி கரகரக்கும். அதற்குத்தான் வாட் மிச்சம் வைத்திருக்க வேண்டும் என்கிறோம். பெரிய பெட்டியைப் பாதியில் வைத்து ஓட்டுவதுதான் தொழில் தெரிந்தவன் வேலை. 1000 வாட்.

ராயக்கோட்டை ரசிகன்: 16 மீட்டரில் 88 டெசிபல் என்றால் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காதே அண்ணா, உங்கள் கணக்கே உங்களுக்கு எதிராக இருக்கிறது. இன்னொன்று, 2000-ல் வந்த ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் அளவு. ராத்திரி 10-லிருந்து காலை 6 வரை வெளியே பொதுவாக ஒலிபெருக்கியே கூடாது.

மைக்செட் பாலக்கோடு: விதி பேசுகிறவர் ஊர்த் திருவிழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து ஆடுகிறவராகத்தான் இருப்பார்.

கூத்துப் பிள்ளை: பென்னாகரம் பக்கம் விடிய விடிய பாரதக் கூத்து நடக்கிறது. அந்தக் காலத்தில் எங்கள் தாத்தாமார் வாட்டா கேட்டார்கள்? தொண்டைதான் ஸ்பீக்கர். இப்போது பாடுகிற பிள்ளைகளுக்குத் தொண்டையும் இல்லை, மைக்கைப் பிடிக்கவும் தெரியவில்லை. மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோய் நீட்டிவிட்டு, ஊளையிட்டால் செட்காரனை முறைப்பது.

மைக்செட் பாலக்கோடு: இது சரியான பேச்சு. ஆனால் கூத்துக்கும் இப்போது செட் கட்டுவது நாங்கள்தான், மறக்க வேண்டாம்.

புதுக்கிடார் தம்பி: அண்ணா, நான் கேட்டது வேறு. என் கிடாரில் சத்தத்தை எடுக்கிற பிக்கப் ஒன்று ஒட்டியிருக்கிறது, 9 வோல்ட் பேட்டரி எதுவும் கிடையாது. நண்பனுடைய மிக்ஸரில் சொருகினால் தகரம் தட்டுகிற மாதிரி கேட்கிறது. எந்தப் பெட்டி வாங்கினால் சரியாகும்?

ஓசூர்க் கிடார்: தம்பி, அது பீசோ பிக்கப், மரத்தின் அதிர்வைப் பிடிக்கிற வகை. அதன் மெல்லிய சிக்னலை உறிஞ்சிவிடாத ஹை இம்பிடன்ஸ் உள்ளீடு வேண்டும், ஒரு மெகா ஓம் அளவு. சாதாரண லைன் உள்ளீட்டில் சொருகினால் அடிச்சத்தம் போய்விடும். அந்த வசதி உள்ள பெட்டி வாங்கு, இல்லையென்றால் நடுவில் ஒரு பிரீஆம்ப் (சிக்னலைத் தூக்கிவிடுகிற கருவி) அல்லது ஹை இம்பிடன்ஸ் உள்ளீடுள்ள டிஐ பாக்ஸ் (கிடாரை மிக்ஸருக்கு ஒத்துப்போக வைக்கிற கருவி) போடு. பார்த்தீர்களா, பிரச்சினை இங்கே இருக்கிறது, வாட்டில் இல்லை. மைக்செட் அண்ணன் இன்னும் ஆர்எம்எஸ்ஸா பீக்கா சொல்லவில்லை.

மைக்செட் பாலக்கோடு: டிஐ பாக்ஸ் போட்டுவிட்டு 50 வாட்டில் வாசித்தால் தகரம் தங்கமாகி யாருக்கும் கேட்காமல் போகும். 2004-ல் எங்கள் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்து போனதிலிருந்து உங்கள் பக்கத்து ஆட்களுக்கு எல்லாமே பெங்களூர் எஸ்பி ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் சரக்குதான். சின்னதாக, பளபளவென்று இருந்தால் போதும்.

ராயக்கோட்டை ரசிகன்: மாவட்டத்தை ஏன் இழுக்கிறீர்கள்? மாங்கனிக் கண்காட்சிக்கு எங்கள் கிருஷ்ணகிரிக்குத்தானே வருகிறீர்கள்.

மைக்செட் பாலக்கோடு: வருகிறோம், போன தடவை உங்கள் ஊர்க் கல்யாணம் ஒன்றுக்கும் செட் கட்ட வந்தோம். வாடகைப் பாக்கி இன்னும் வரவில்லை. கேட்டால் மாப்பிள்ளை வீடு என்கிறார்கள், அங்கே கேட்டால் பெண் வீடு என்கிறார்கள்.

ராயக்கோட்டை ரசிகன்: அதற்கு நான் என்ன செய்ய?

ஓசூர்க் கிடார்: ரோலண்ட் கியூப் ஸ்ட்ரீட் ஈஎக்ஸ் 50 வாட்தான், எட்டு டபுள் ஏ பேட்டரியில் ஓடுகிறது, தெருவில் வாசிக்கிறவர்களுக்கென்றே செய்தது. அந்தக் கம்பெனிக்காரன் முட்டாளா?

மைக்செட் பாலக்கோடு: அவன் ஊர்த் தெருவில் ஆடிப்பெருக்கு கிடையாது.

கூத்துப் பிள்ளை: தொண்டை, தொண்டை.

ஓசூர்க் கிடார்: ஒகேனக்கல்லில் எத்தனை பேர் கிடார் வாசிக்கிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். அப்படியே ஆர்எம்எஸ்ஸா, பீக்கா?

மைக்செட் பாலக்கோடு: 1000 வாட். பெட்டி என் கடையில்தான் இருக்கிறது, வந்து அட்டையைப் படித்துக்கொள்ளுங்கள். வரும்போது அந்தக் கல்யாண வீட்டுக்காரர்களையும் கூட்டி வாருங்கள்.