புதுப்பிப்பு: ஒளிந்தே கிடந்த என் பிளெக்கோ

பாசி தின்னட்டும் என்று 80 லிட்டர் மீன் தொட்டியில் விட்ட பிளெக்கோ (வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டும் மீன்), பகலெல்லாம் ஃபில்டருக்குப் பின்னால் ஒட்டிக்கிடக்கிறது, வயிறும் ஒட்டிப்போயிருக்கிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். இப்போது தேறிவிட்டது.

தப்பு என் மேல்தான். கண்ணாடிப் பாசியே போதும் என்று வேறு தீனியே போடவில்லை. நீங்கள் சொன்னபடி, விளக்கை அணைத்த பிறகு, லேசாக வேகவைத்த வெள்ளரித் துண்டை ஸ்டீல் ஸ்பூனில் குத்தி அடியில் இறக்கினேன். இரண்டு இரவு சீண்டவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் தோல் மட்டும் வளையமாகக் கிடக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லை! மிச்சம் இருந்தால் காலையிலேயே எடுத்துவிடுகிறேன். விட்டால் தண்ணீர் கெட்டுவிடும்.

மரக்கட்டை ஒன்றும் போட்டேன். ராத்திரி முழுக்க அதைத்தான் சுரண்டுகிறது. தண்ணீர் டீ நிறமாகிவிட்டது, அது கட்டையில் இருந்து இறங்கும் டானின் என்ற சாயம், பயமில்லை. ஆனால் கழிவு இருக்கிறதே, நூல் நூலாக! தொட்டியைச் சுத்தம் செய்யும் மீனாம். அதற்காகவே வாரம் 25 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறேன்.

பாசி குறைந்தது உண்மை. ஆனால் பெருமை மீனுக்கு இல்லை, விளக்கை 11 மணி நேரத்திலிருந்து 7 ஆகக் குறைத்ததற்கு. இலை ஓரத்துக் கருந்தாடிப் பாசியை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எந்த வகை என்று கேட்டவருக்கு: மூக்கின் மேல் கிளை கிளையாக மீசை முளைக்கிறது. பிரிசில்நோஸ் என்ற சின்ன பிளெக்கோ வகைதான், ஆண். சாதாரண பிளெக்கோ என்றால் ஓரடியைத் தாண்டும். இது 12, 15 செ.மீ.யோடு நின்றுவிடும். தொட்டி தப்பித்தது.