கான் வெட்டிய கைக்கு அரிசோனா மண்: முற்றமும் எச்ஓஏ கடிதமும்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கமிருந்து அரிசோனாவின் பீனிக்ஸ், சாண்ட்லர், மேசா என்று வந்து வீடு எடுக்கும் நம்மாட்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டு கேள்விகள். நட்டதெல்லாம் ஏன் கருகுகிறது? எச்ஓஏ என்ற வீட்டுக்காரர் சங்கம் ஏன் கடிதம் போடுகிறது? இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். கருகிய செடிக்கும் முளைத்த களைக்கும்தான் பெரும்பாலான கடிதம் வருகிறது.

முதலில் மண். நுவரெலியாவில் வருடத்துக்கு 1900 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்யும். பீனிக்ஸில் 180 சொச்சம். அங்கே மண் கரைந்து போகாமலிருக்க நிரைக்கு நிரை கான் வெட்டித் தண்ணீரை வழிய விடுவோம். இங்கே விழும் கொஞ்ச நீரையும் மரத்தடியில் நிறுத்திப் பிடிக்க வேண்டும். மரத்தைச் சுற்றி மண்ணை மேடாக்காதீர்கள். கிளை பரவும் அளவுக்கு அகலமாக, 3, 4 அங்குல ஆழத்தில் தாழ்வாக்கி விடுங்கள். அடிமரம் மட்டும் நனையாத உயரத்தில் இருக்கட்டும்.

தேயிலை மண் புளிப்பு, பி.எச். 4.5 முதல் 5.5 வரை. அதனால்தான் கவ்வாத்துக்கு, அதாவது செடியைக் குறைத்து வெட்டியதற்கு, பிறகு டொலமைற் என்ற சுண்ணாம்புத் தூள் வீசுகிறார்கள். இங்கே மண்ணின் பி.எச். 8 அளவில் இருக்கும், ஏற்கனவே காரம். ஊர்ப் பழக்கத்தில் டொலமைற், சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல் எதையும் போட்டுவிடாதீர்கள். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தால் வேருக்கு எட்டவில்லை என்று அர்த்தம். உரப் பையில் ஈடிடிஎச்ஏ என்று போட்ட இரும்பாகப் பார்த்து வாங்குங்கள், மற்ற வகை இந்த மண்ணில் சீக்கிரம் பயனற்றுப் போகும். ஆனால் அதற்கு முன் தண்ணீர் அதிகமாகப் போகிறதா என்று பாருங்கள். வேர் மூச்சுத் திணறினாலும் இதே மஞ்சள்தான் வரும்.

இன்னொன்று கலீச்சி. சுண்ணாம்பு இறுகிக் கொங்கிறீட் போலக் கிடக்கும் வெள்ளைப் படை. மண்வெட்டி ஏறாது, அலவாங்குதான் வேண்டும். குழி தோண்டியதும் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். 4 மணி நேரத்தில் 4 அங்குலமாவது இறங்கவில்லையென்றால் அந்த இடத்தில் மரம் நிலைக்காது. குழியின் அடியில் அலவாங்கால் ஒரு துளையைப் படை தாண்டும்வரை இறக்க வேண்டும், முடியாவிட்டால் இடத்தை மாற்ற வேண்டும். குழி வேர்க்கட்டியைவிட 3 முதல் 5 மடங்கு அகலம், ஆழம் வேர்க்கட்டியின் அளவேதான். எங்கே தோண்டுவதானாலும் இரண்டு முழு வேலை நாட்களுக்கு முன் 811க்கு அழைத்துச் சொல்லுங்கள். இலவசமாக வந்து நிலத்தடிக் காஸ் குழாய், கரண்ட் கம்பிகளுக்குக் குறி போட்டுவிட்டுப் போவார்கள்.

இனித் தண்ணீர். தவறு அதிகம் நடப்பது இங்கேதான். தினமும் பத்து நிமிடம் விடுவது பாசம்போலத் தெரியும், ஆனால் செடியைக் கெடுப்பது அதுதான். மேலே நாலு அங்குலம் மட்டும் நனைந்தால் வேரும் அங்கேயே நிற்கும், வெயிலில் வேகும். இங்கத்தைய தண்ணீரில் உப்பு அதிகம். ஆழமாக இறங்காத நீர் ஆவியாகி உப்பை வேருக்குப் பக்கத்திலேயே விட்டுப்போகும். மண்மேல் வெள்ளையாகப் பூத்திருப்பதும் இலை நுனி பழுப்பாகக் கருகுவதும் அதன் அடையாளம்.

நனைய வேண்டிய ஆழம்: மரத்துக்கு 24 முதல் 36 அங்குலம், புதர்ச் செடிக்கு 18 முதல் 24, கள்ளிக்கும் தரைப்படர் செடிக்கும் 8 முதல் 12. இதைக் கண்ணால் மதிக்க முடியாது. மூன்றடி நீளமுள்ள மெல்லிய இரும்புக் கம்பி ஒன்று வாங்குங்கள். தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கம்பியை இரண்டு கையாலும் நேராக அழுத்துங்கள். நனைந்த மண்ணில் வெண்ணெயில் இறங்குவது போல வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்த இடம் வந்ததும் டக்கென்று நிற்கும். நின்ற இடத்தில் விரலை வைத்து வெளியே எடுத்து அளந்து பாருங்கள். மரத்தடியில் 12 அங்குலத்தில் நின்றால் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். நாட்களைக் கூட்ட வேண்டாம்.

பாலோ வெர்டே, மெஸ்கீட் போன்ற பாலைவன மரங்களுக்கு, வேர் பிடித்த பிறகு, கோடையில் 7 முதல் 21 நாளுக்கு ஒருமுறை, இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் 14 முதல் 30 நாளுக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் 30 முதல் 60 நாளுக்கு ஒருமுறை போதும். புதுக் கன்றுக்கு முதல் வருடம் இதைவிட அடிக்கடி வேண்டும். மரமும் செடியும் ஒரே வால்வில் ஓடினால் ஒன்று தவிக்கும், மற்றது அழுகும். இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

ட்ரிப் (சொட்டுநீர்) குழாய் வரிசை இப்படி: வால்வு, பிறகு 150 அல்லது 200 மெஷ் வடிகட்டி, பிறகு அழுத்தத்தை 25 முதல் 30 பீ.எஸ்.ஐ.க்குக் குறைக்கும் ரெகுலேட்டர், பிறகு அரை அங்குலக் கறுப்புக் குழாய், கடைசியில் கால் அங்குலக் குழாயும் சொட்டியும். ரெகுலேட்டர் இல்லாமல் பூட்டினால் இணைப்புகள் கழன்று தெறிக்கும். மணிக்கு 2 கலன் விடும் சொட்டிகள் ஆறு, மூன்று மணி நேரம் ஓடினால் 36 கலன். சொட்டிகளை அடிமரத்தோடு ஒட்டி வைக்காதீர்கள், கிளை முடியும் விளிம்புக்கு நேரே வையுங்கள். மரம் வளர வளர வெளியே தள்ளுங்கள். அடிமரத்திலேயே விட்ட மெஸ்கீட்டின் வேர் வெளியே போகாது, ஜூலைக் காற்றுக்கு மரம் வேரோடு சாயும். வருடத்துக்கு இரண்டு தடவை குழாயின் கடைசி மூடியைக் கழற்றி இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள், வடிகட்டியையும் கழுவுங்கள். சுண்ணாம்பு அடைத்த சொட்டியைக் குத்திச் சரிசெய்ய மெனக்கெடாதீர்கள், மாற்றிவிடுங்கள். முயல் கடித்த ஓட்டைகளுக்குக் கடையில் சிறு பிளாஸ்டிக் அடைப்பான்கள் கிடைக்கும்.

கவ்வாத்துக் கத்தி பிடித்த குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. தேயிலையை மட்டமாக வெட்டுவது கொழுந்துக்காக. டெக்சஸ் சேஜ் செடியை அப்படி மட்டமாகவோ பந்தாகவோ வெட்டிக்கொண்டே இருந்தால் பூவே வராது. அது மழை ஈரப்பதன் வந்ததும் ஊதாவாகப் பூத்துக் குலுங்கும் செடி. குளிர்காலம் முடியும்போது வருடத்துக்கு ஒருமுறை குறைத்தால் போதும். ஆனால் ஊர் அறிவு ஒன்று இங்கே அப்படியே உதவும். கவ்வாத்து வெட்டியதும் கொப்புகளை எடுத்துச் செடிமேலேயே போடுவது எதற்கு? மரப்பட்டை வெயிலில் வெந்துபோகாமலிருக்கத்தானே. இங்கே தோடை, எலுமிச்சைக்கும் அதே ஆபத்து. கீழ்க்கிளைகளைக் கழித்து அடிமரத்தை வெயிலுக்குக் காட்டாதீர்கள். காட்டிவிட்டால், வெள்ளை லேட்டெக்ஸ் பெயின்றில் சம அளவு தண்ணீர் கலந்து பூசுங்கள்.

வருட ஓட்டம். நடுவதற்கு நல்ல காலம் ஒக்டோபர், நவம்பர். அடுத்தது பெப்ரவரி, மார்ச். மே, ஜூனில் நடுவது கன்றைக் கொல்வதற்குச் சமம், கள்ளிக்கு மட்டும் சூடு பிடிக்கும். கள்ளியை நாற்றுமேடையில் எந்தப் பக்கம் தெற்கே பார்த்திருந்ததோ அதே பக்கம் தெற்கே பார்க்க நடுங்கள், இல்லாவிட்டால் வெயில் படாத தோல் வெந்துவிடும். பாலைவனத்தில் நிற்கும் கள்ளியைத் தோண்டிக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். சகுவாரோ என்ற பெரிய கள்ளியைத் தொடவே வேண்டாம்.

மழைக்காலம் என்று அரசு கணக்கில் சொல்வது ஜூன் 15 முதல் செப்டெம்பர் 30 வரை. அதற்கு முன்பே மரத்தின் உள்ளே அடர்ந்த கிளைகளை அளவாகக் கழித்துக் காற்றுக்கு வழி விடுங்கள். உச்சியை மொட்டையடித்தால் வரும் புதுக்கிளைகள் பலமில்லாமல் முதலில் முறியும். புதுமரத்துக்குக் கட்டும் முட்டுக் கம்பு தளர்வாக இருக்கட்டும், ஒரு வருடத்தில் எடுத்துவிடுங்கள். வீட்டுக்குப் பக்கத்துப் பொதுப் பள்ளம் வெறும் பள்ளமல்ல, மழைநீர் தேங்குவதற்கென்றே வெட்டியது. பீனிக்ஸ் அடங்கும் மாரிகோபா கவுண்டி விதிப்படி அந்த நீர் 36 மணி நேரத்தில் வடிய வேண்டும். அதில் கல்லோ வெட்டிய கொப்போ கொட்டினால் உடனே கடிதம் வரும், வெள்ளமும் உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பும்.

களைக்கு முளைக்குமுன் போடும் மருந்து உண்டு. குளிர்காலக் களைக்கு செப்டெம்பர் கடைசியில், கோடைக் களைக்கு ஜனவரி கடைசியில் அல்லது பெப்ரவரியில். போட்டபின் அரை அங்குலத் தண்ணீர் விட்டால்தான் வேலை செய்யும். குளிர்காலத்துக்கு ரை புல் விதைக்கும் இடத்தில் மட்டும் போடாதீர்கள், அந்த விதையும் முளைக்காது. ரை புல்லை இரவுக் குளிர் 15 பாகை செல்சியசுக்கு இறங்கும் ஒக்டோபரில், 1000 சதுர அடிக்கு 10 முதல் 15 இறாத்தல் என்று விதைப்பார்கள். விதைத்தே ஆக வேண்டுமா என்பதைச் சங்க ஆவணத்தில் பாருங்கள். கட்டாயமில்லையென்றால் விட்டுவிடுவதே நல்லது, கோடைப் புல்லான பெர்முடா மஞ்சளாகத் தூங்கிவிட்டு வெயிலோடு எழும்பும்.

டிசம்பர் முதல் பெப்ரவரி நடுப்பகுதிவரை சில இரவுகளில் பனி விழும். நுவரெலியாவில் பனிபட்டுக் கருகிய கொழுந்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. போகன்விலா, எலுமிச்சைமேல் பழைய படுக்கை விரிப்பைத் தரைவரை போர்த்துங்கள், பிளாஸ்டிக் கூடாது. காலையில் எடுத்துவிடுங்கள். கருகிய கிளையை மார்ச்சில் துளிர் வந்தபின்தான் வெட்ட வேண்டும்.

முற்றத்துச் சரளைக் கல்லுக்குக் கணக்கு: 600 சதுர அடிக்கு 2 அங்குலக் கனம் என்றால் 100 கன அடி, ஏறக்குறைய 4 கன யார். அடியில் பிளாஸ்டிக் விரிக்காதீர்கள். தூசி படிந்து களை அதற்கு மேலேயே முளைக்கும், மண்ணுக்குக் காற்றும் நீரும் போகாது.

இப்போது எச்ஓஏ. தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கம், கோயில் கமிட்டி என்றால் தலைவரைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசினால் காரியம் முடியும். இங்கே பேச்சு கணக்கில் வராது, எழுத்துதான் கணக்கு. முன்முற்றத்தில் மரம், கல் நிறம், மதில், பந்தல் எதை மாற்றுவதானாலும் முதலில் விண்ணப்பப் படிவம். காணியின் வரைபடத்தில் செடிகளின் இடம், செடிப் பெயர்ப் பட்டியல், கல்லின் நிறமும் அளவும், இப்போதைய படம் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். எழுத்தில் அனுமதி வரும்வரை ஒரு குழியும் தோண்டாதீர்கள். பக்கத்து வீட்டில் இருக்கிறதே என்பது அனுமதியாகாது. வாடகைக்கு இருப்பவர்கள், கடிதம் வீட்டுக்காரருக்கே போகும் என்பதை மறக்காமல் முற்றப் பராமரிப்பு யார் பொறுப்பென்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

சங்கம் அனுப்பும் மின்னஞ்சலைக் குப்பையில் போடாதீர்கள். பொதுப்புல் விதைப்பு, மரம் வெட்டும் நாள், தேர்தல், சந்தா உயர்வு எல்லாம் அதில்தான் வரும். அரிசோனாவில் சங்க நிர்வாக சபைக் கூட்டத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன் அறிவிக்க வேண்டும், வீட்டுக்காரர் போய்ப் பேசலாம். உறுப்பினர்களின் பெரும்பான்மை வாக்கில்லாமல் வருடச் சந்தாவை 20 வீதத்துக்கு மேல் கூட்ட முடியாது. கணக்குகளை எழுதிக் கேட்டால் 10 வேலை நாளில் காட்ட வேண்டும்.

விதிமீறல் கடிதம் வந்தால் பயப்படாதீர்கள், சும்மாவும் இருக்காதீர்கள். குற்றம் உண்மையென்றால் திருத்தி, திகதியோடு படமெடுத்து அனுப்பினால் பெரும்பாலும் முடிந்துவிடும். தவறு உங்களுடையதல்ல என்றால் அரிசோனாச் சட்டப் பிரிவு 33-1803 உங்கள் பக்கம் இருக்கிறது. கடிதத் திகதியிலிருந்து 21 நாளுக்குள் பதிலைச் சேர்ட்டிபைட் தபாலில் (நம் பதிவுத் தபால் போன்றது) அனுப்புங்கள். அந்தப் பிரிவு சொல்வது சேர்ட்டிபைட் தபாலைத்தான், ஆகவே மின்னஞ்சலோடு நிறுத்தாதீர்கள். கிடைத்த 10 வேலை நாளில் அவர்கள் விளக்கம் தர வேண்டும்: எந்த விதி மீறப்பட்டது, எந்தத் திகதியில், பார்த்தவரின் முழுப் பெயர், நீங்கள் எப்படி மறுக்கலாம். உங்களைக் கேட்காமல் அபராதம் விதிக்கவும் முடியாது. தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

செயற்கைப் புல் போடலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். 2022இல் வந்த சட்டப்படி, இயற்கைப் புல் அனுமதிக்கும் சங்கம் செயற்கைப் புல்லைத் தடுக்க முடியாது. எங்கே, எவ்வளவு என்று விதி வைக்கலாம். ஆனால் கோடை வெயிலில் அதில் பிள்ளைகளை வெறுங்காலோடு விடாதீர்கள், சுட்டுவிடும்.

கறிவேப்பிலை வளர்க்கலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு: ஊரிலிருந்து கன்றோ பச்சை இலையோ கொண்டுவராதீர்கள். எலுமிச்சை இனத்தைக் கெடுக்கும் பூச்சி அதில் வரும் என்பதால் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். இங்கேயே உள்ளூர் நாற்றுமேடையில் வாங்கிச் சாடியில் வையுங்கள், பின்னேர வெயில் படாத பக்கம், பனிக்கு உள்ளே. முருங்கை நன்றாக வரும். பனியில் மேலே கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். மதிலுக்கு மேலே தெரியும் உயரத்துக்குப் போகும் மரமாதலால் பின்முற்றமானாலும் ஆவணத்தைப் பார்த்துவிட்டு நடுங்கள். வீடு வாங்கும்போதே மதிலோரம் அரளி நின்றால் கவனம், அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. வெட்டிய கொப்பை எரிக்கவே வேண்டாம், புகையும் ஆபத்து.