பெரிய வீடு துறையூர் (23 பேர்)

ஞாயிறு, காலை 6:41

திருச்சி அத்தை: இனிய ஞாயிறு வணக்கம் 🙏

பெங்களூர் அண்ணன்: எல்லாருக்கும் வணக்கம். பாப்பா காதுகுத்து வைகாசி 18, குலசாமி கோயில்ல. திருச்சிலேந்து ஒரு வேன் போடுறேன். வீட்டுக்கு எத்தன பேருன்னு இன்னைக்குள்ள சொல்லிருங்க

திருச்சி அத்தை: நாங்க 4

திருச்சி அத்தை: மாமாவுக்கு முன் சீட்டு. வாந்தி

திருப்பூர் சித்தப்பா: மண்டபம் சொல்லியாச்சா, இல்ல போன தடவ மாதிரி வேப்பமரத்தடியா

மேடிசன் அக்கா: எல்லாருக்கும் வணக்கம், இங்க அமெரிக்காவுல சனிக்கிழம ராத்திரி, நடுவுல புகுந்ததுக்கு மன்னிச்சிருங்க அண்ணா, பெரியப்பாகிட்ட அவசரமா ஒரு உதவி வேணும். திங்கக்கிழம சாயங்காலம் எங்க ஊர் ஸ்கூல் போர்டு மீட்டிங் (ஊர் அரசுப் பள்ளிங்கள நடத்துற குழு), அதுல எனக்கு பேச 3 நிமிஷம் குடுத்திருக்காங்க. நாங்க ஒரு பதினஞ்சு பேரு சேந்து சின்னதா ஒரு சார்ட்டர் ஸ்கூல் ஆரம்பிக்க அனுமதி கேக்குறோம், மொத வருஷம் 60 பிள்ளைங்க, கிளாஸுக்கு 15க்கு மேல கிடையாது. பெரியப்பா ஓராசிரியர் பள்ளில இருந்தப்ப பின்தங்குன பிள்ளைங்கள எப்டி மேல கொண்டுவந்தீங்கன்னு நாலு வரி எழுதி அனுப்புனா அத நான் அங்க சொல்வேன்

திருப்பூர் சித்தப்பா: ஸ்கூல் வைக்கிறியா. டொனேஷன் எவ்ளோ

அம்மா: எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல

மேடிசன் அக்கா: அய்யோ சித்தப்பா டொனேஷனும் இல்ல ஃபீஸும் இல்ல, இது அரசுப் பள்ளிதான். பணம் கவர்மெண்டு குடுக்கும், நடத்துறது தனி குழு. என்ன பாடம், எத்தன மணி நேரம், எந்த வாத்தியார்னு அந்தக் குழுவே முடிவு பண்ணிக்கலாம், பதிலுக்கு பிள்ளைங்க இவ்ளோ தேறும்னு எழுதிக் குடுக்கணும், பொதுவா 5 வருஷ ஒப்பந்தம், தேறலன்னா மூடிருவாங்க. 1991ல மினசோட்டா மாநிலம்தான் மொதல்ல இதுக்கு சட்டம் போட்டது, மறுவருஷம் செயின்ட் பால்ல மொத ஸ்கூல் தொறந்தாங்க, எங்க விஸ்கான்சின் மாநிலத்துல 1993ல சட்டம் வந்துச்சு

முசிறி அண்ணி: எய்டட் ஸ்கூல் மாதிரி

மேடிசன் அக்கா: கிட்டத்தட்ட அண்ணி, ஆனா இங்க சீட்ட விட விண்ணப்பம் கூட வந்தா குலுக்கல்தான்

முசிறி அண்ணி: இங்க தனியார் ஸ்கூல்ல ஆர்டிஇ 25 சதவீதம் சீட்டு குலுக்குற மாதிரி

பெங்களூர் அண்ணன்: வேன்ல 22 சீட்டு. இதுவரைக்கும் அத்தை வீடு மட்டும்தான் சொல்லிருக்கு

அம்மா: நாங்க 2

திருப்பூர் சித்தப்பா: அமெரிக்காவுல ஸ்கூல் இல்லையா நீ போய் வைக்க

மேடிசன் அக்கா: இருக்கு சித்தப்பா, நல்ல ஸ்கூல்தான், ஆனா எல்லாருக்கும் நல்லதா இல்ல. 8ஆம் வகுப்பு கணக்குல கறுப்பினப் பிள்ளைங்களுக்கும் வெள்ளப் பிள்ளைங்களுக்கும் நடுவுல நாட்டுலயே பெரிய இடைவெளி இருக்குற மாநிலம்னு தேசிய அளவுல வைக்கிற தேர்வுல எங்க விஸ்கான்சின் பேரு பல தடவ வந்திருக்கு. மேடிசன் படிச்சவங்க ஊரு, பெரிய யுனிவர்சிட்டி, ஏரி, வெளிலேந்து வர்றவங்களுக்கு சொர்க்கம். 2013ல இந்த கவுண்டிய (நம்மூரு மாவட்டம் மாதிரி) பத்தி ஒரு அறிக்கை வந்துச்சு, கறுப்பினக் குழந்தைங்கள்ல நாலுல மூணு பேரு வறுமைல இருக்குன்னு, வெள்ளக் குழந்தைங்கள்ல நூத்துக்கு ஆறு கூட இல்ல. நான் சனிக்கிழம சனிக்கிழம லைப்ரரில வாசிக்க சொல்லிக்குடுக்குறேன்ல, அங்க மூணாவது படிக்கிற ஒரு பையன், படத்த பாத்து கதைய அவனா சொல்லுவான், அவ்ளோ அழகா சொல்லுவான், மூணு வாரம் கழிச்சுதான் எனக்கே தெரிஞ்சது அவனுக்கு எழுத்தே தெரியாதுன்னு

திருச்சி அத்தை: நம்ம சின்னவன் இப்டித்தான் இருந்தான்

திருப்பூர் சித்தப்பா: யாரு சின்னவன்

திருச்சி அத்தை: நீதான்

பெங்களூர் அண்ணன்: 😂😂

முசிறி அண்ணி: அங்க வாத்தியாருக்கு சங்கம் உண்டா. பென்ஷன்?

மேடிசன் அக்கா: அங்கதான் அண்ணி சிக்கலே. இதே ஊர்ல 2011ல மேடிசன் பிரெப்னு ஒரு சார்ட்டர் ஸ்கூல் கேட்டாங்க, கறுப்பினப் பசங்களுக்காக, ஆம்பள பசங்களுக்கு தனி பொம்பள பிள்ளைங்களுக்கு தனின்னு. கேட்டது அர்பன் லீக்னு கறுப்பினத்தவர் உரிமைக்கான அமைப்பு, அதுக்கு தலைவர் கலீம் கேர், இதே ஊர்ல படிச்சவரு. வாத்தியாருங்க சங்க ஒப்பந்தத்துக்கு வெளில இருப்பாங்கன்னு சொன்னதுதான் பெரிய தகராறு. அந்த வருஷ ஆரம்பத்துலதான் கவர்னர் வாக்கர் அரசு ஊழியர் சங்கங்களோட பேரம் பேசுற உரிமைய புடுங்குற சட்டம் கொண்டுவந்து ஜனங்க சட்டசபை கட்டடத்துக்குள்ளயே படுத்துக் கெடந்தாங்க. டிசம்பர்ல போர்டு ஓட்டு போட்டுது, 5க்கு 2, வேண்டாம்னு

முசிறி அண்ணி: சரியாத்தான் போட்டுருக்காங்க

முசிறி அண்ணி: 2003க்கு அப்புறம் சேந்த எங்களுக்கே பழைய பென்ஷன் இல்லன்னு வருஷா வருஷம் தெருவுல நிக்கிறோம்

மேடிசன் அக்கா: நாங்க கேக்குறது போர்டுக்கு கீழயே இருக்குற மாதிரி அண்ணி, வாத்தியாருங்க போர்டோட ஊழியர்தான். கலீம் கேர் அப்பறம் யுனிவர்சிட்டி வழியா அனுமதி வாங்கி 2018ல ஒன் சிட்டின்னு ஸ்கூல் தொறந்துட்டாரு, அதுலயும் 2023 ஜனவரில 9, 10 வகுப்ப நடு வருஷத்துல நிறுத்த வேண்டியதாச்சு, வாத்தியார் கெடைக்கல

திருப்பூர் சித்தப்பா: அதான் சொல்றேன். புதுசு எதுக்கு, இருக்கறத சரி பண்ணுங்க. புள்ள பின்னாடி காசும் புது ஸ்கூலுக்கு போச்சுன்னா பழைய ஸ்கூல்ல கரண்டு பில்லு குறையுமா?

பெங்களூர் அண்ணன்: ஸ்டான்ஃபோர்டுக்காரங்க 2023ல போட்ட ஆய்வு பாத்தேன், சார்ட்டர் பசங்க வாசிப்புல 16 நாள், கணக்குல 6 நாள் கூடுதலா படிச்ச அளவுக்கு முன்னேறிருக்காங்களாம். சராசரிதான், ஆன்லைன் சார்ட்டரெல்லாம் படு மோசம்

திருப்பூர் சித்தப்பா: 16 நாளா. காலாண்டு லீவு போச்சுன்னு வை

மேடிசன் அக்கா: சராசரிய பாத்தா அப்டித்தான் சித்தப்பா, நான் சொல்றது சின்ன கிளாஸ். டென்னசில 1985லேந்து நாலு வருஷம், 13லேந்து 17 பேரு உள்ள கிளாஸ், 22லேந்து 25 பேரு உள்ள கிளாஸ்னு பிள்ளைங்கள குலுக்கிப் போட்டு பாத்தாங்க, சின்ன கிளாஸ் பிள்ளைங்க நல்லா பண்ணுச்சு, அதுலயும் கறுப்பினப் பிள்ளைங்களுக்கு பலன் இன்னும் கூட

முசிறி அண்ணி: 15 பேருக்கு ஒரு டீச்சரா. நான் 1, 2, 3 மூணையும் ஒரே ரூம்ல வச்சு அரும்பு மொட்டு மலர்னு தரம் பிரிச்சு நடத்திட்டு நடுவுல எமிஸ் ஆன்லைன் பதிவுல வேற ஏத்துறேன்

முசிறி அண்ணி: ஒண்ணு கேக்குறேன் தப்பா நெனைக்காத. குலுக்கல் இருக்குன்னு தெரிஞ்சு ஃபாரம் நிரப்பி வர்ற அப்பா அம்மா ஏற்கனவே புள்ள மேல கண்ணு வச்சவங்க. உன் லைப்ரரி பையன் வீட்ல யாரு ஃபாரம் வாங்குவா?

(மேடிசன் அக்கா எழுதுகிறார், நிறுத்துகிறார், எழுதுகிறார்)

திருச்சி அத்தை: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அம்மா: என்ன அழிச்ச

திருச்சி அத்தை: பால்காரருக்கு போட்டது

காலை 9:05

பெரியப்பா: அன்பு மகளுக்கு ஆசிகள். 1974இல் நான் சேர்ந்தபோது பதிவேட்டில் 41 பெயர். வருவது 19, 20. மாசி பங்குனியில் அதுவும் இல்லை. நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. பத்து மணிக்கு வராதவன் பெயரைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதுவேன். இடைவேளையில் அவன் வீட்டுக்கு நானே போவேன். ஆடு மேய்த்தால் ஆட்டையும் பிடித்து வரச் சொல்வேன், பள்ளி வேலியில் கட்டிக்கொள்ளலாம். 1982 சத்துணவுக்குப் பிறகு இந்த நடை பாதியாகக் குறைந்தது. பின்தங்கிய பிள்ளை என்று நான் யாரையும் எழுதியதில்லை, வராத பிள்ளை என்றுதான் எழுதியிருக்கிறேன்.

பெரியப்பா: உன் தகப்பனையும் ஒரு முறை வாய்க்காலில் இருந்து இழுத்து வந்தேன்.

அம்மா: 🙏

மேடிசன் அக்கா: பெரியப்பா

மேடிசன் அக்கா: இத அப்டியே சொல்றேன். அண்ணி கேட்டதுக்கும் இதுதான் பதில்னு நெனைக்கிறேன், வீடு வீடா போக ரெண்டு பேர சம்பளத்துக்கு வைக்கணும், அது எங்க பட்ஜெட்லயே இல்ல, இப்ப ராத்திரி பத்தர தாண்டிருச்சு நான் எக்செல்ல தொறந்து உக்காந்திருக்கேன்

திருப்பூர் சித்தப்பா: நல்லது. உன் பையன அந்த ஸ்கூல்ல சேப்பியா?

பெங்களூர் அண்ணன்: சித்தப்பா

திருப்பூர் சித்தப்பா: கேட்டேன்பா. கேக்கக் கூடாதா

மேடிசன் அக்கா: இல்ல சித்தப்பா. வீடு வாங்கும்போதே ஸ்கூல் பாத்துதான் வாங்குனோம். இங்க எல்லாரும் அப்டித்தான் வாங்குறோம், அதுனாலயும்தான் இந்த இடைவெளி. மீட்டிங்ல யாராச்சும் இதக் கேட்டா என்ன சொல்றதுன்னு எனக்கு இன்னும் தெரியல

முசிறி அண்ணி: என் பொண்ணும் மெட்ரிக்குலதான் படிக்கிறா. நான் அரசுப்பள்ளி டீச்சர். கேட்டா நானும் முழிப்பேன்

திருப்பூர் சித்தப்பா: தாத்தா 12 சென்ட் எழுதிக் குடுத்த ஸ்கூல்ல இப்ப 9 புள்ள. அதுல நம்ம வீட்டுப் புள்ள ஒண்ணு காட்டுங்க. ரோட்டோரம், இன்னைக்கு என்ன விலைன்னு தெரியுமா

பெரியப்பா: அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

திருப்பூர் சித்தப்பா: உங்களுக்கு முடிஞ்சிருச்சுண்ணே

(பத்து நிமிஷம் யாரும் எழுதல)

திருச்சி அத்தை: காதுகுத்துக்கு பந்தி மதியமா ராத்திரியா

பெங்களூர் அண்ணன்: மதியம் அத்தை. கெடா வெட்டு வேற இருக்கு

அம்மா: மாப்ள கறி சாப்ட மாட்டாரு

மேடிசன் அக்கா: யாராச்சும் காதுகுத்துக்கு போறப்ப அந்த ஸ்கூல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. திங்கக்கிழமைக்குள்ள முடியாதுன்னு தெரியும். முன்னாடி வேலி இருந்துச்சே, அது இருக்கா?

பெரியப்பா: காம்பவுண்டு சுவர் கட்டிவிட்டார்கள்.

திருப்பூர் சித்தப்பா: நான் செவ்வா அந்தப் பக்கம் போறேன். எடுத்து அனுப்புறேன்

திருப்பூர் சித்தப்பா: நாங்க 5 பேரு. வேன் வேண்டாம், கார்ல வந்துருவோம்

பெங்களூர் அண்ணன்: அப்ப வேன்ல 6 பேருதான். சின்ன வண்டியா சொல்லவா?

முசிறி அண்ணி: இரு, எங்க அம்மா வீட்ட கேட்டுட்டு சொல்றேன்