வாக்களிப்புக் கோட்பாடுகளும் நம் கடைமடை ஊர்களும்: ஆய்வுக்கு உதவி வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடி வட்டத்து நான்கு ஊர்களில், மக்கள் எதை மனத்தில் வைத்து வாக்களிக்கிறார்கள் என்று முதுகலை ஆய்வேட்டுக்காக விசாரித்து வருகிறேன். படித்த கோட்பாடுகளைக் களத்தோடு பொருத்திப் பார்க்கும் இடத்தில் தடுமாறுவதால் உங்களை நாடுகிறேன்.

1940இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆய்வு நடத்திய பால் லாசர்ஸ்ஃபெல்டு குழுவினர், பொருளாதார நிலை, மதம், வசிப்பிடம் ஆகியவையே வாக்கைப் பெரிதும் தீர்மானிப்பதாகக் கண்டனர். ஆண்டனி டவுன்ஸ் 1957இல் வாக்காளரின் லாப நட்டக் கணக்கை முன்வைத்தார். மிச்சிகன் பல்கலைக்கழக அறிஞர்கள் 1960இல், இளமையிலேயே குடும்பத்தின் வழியாகப் படியும் கட்சிப் பற்றை முதன்மைப்படுத்தினர்.

நடவு வயலில் நாற்றுமுடியைக் கையில் பிடித்தபடியே ஓர் அம்மா, "எங்கப்பா செங்கொடி பிடிச்சவரு தம்பி, நான் வேற எதுல போடுவேன்?" என்றார். இது குடும்பத்தில் வந்த பற்றா, விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் எரித்துக் கொல்லப்பட்ட 1968 கீழ்வெண்மணிக் கொடுமையின் நினைவு இன்றும் ஆறாத இம்மண்ணின் வர்க்க உணர்வா? இரண்டையும் பிரிக்கவே முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது. வாய்க்காலில் தண்ணீர் வராமல் பயிர் கருகிய ஓர் ஆண்டில் சின்னத்தை மாற்றிப் போட்டதாகவும் அவரே சொன்னார். தவிர, கூட்டணி மாறும்போது பழகிய சின்னமே வாக்குப்பதிவு இயந்திரத்தில் இல்லாமல் போகும் நம் நிலைமைக்கு, இரு கட்சி அமெரிக்காவில் பிறந்த இக்கோட்பாடுகள் போதவில்லை.

பற்றையும் வர்க்க உணர்வையும் பிரித்தறியும் வகையில் வினாக்களை எப்படி அமைப்பது என்று களஆய்வு அனுபவமுள்ளோர் வழிகாட்ட வேண்டுகிறேன். திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளின் வாக்குச்சாவடி வாரியான பழைய படிவம் 20 (தேர்தல் முடிவுப் பட்டியல்) நகல்கள் வைத்திருப்போரும், விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்த பெரியவர்களை அறிந்தோரும் இப்பதிவின் கீழ் தெரிவித்தால், குறுவை அறுவடை தொடங்குமுன் நேரில் வந்து பார்க்கிறேன்.